வலிப்பு தொடங்கும் முன் கொடுத்த மருந்து

இந்திய மருந்தியல் துறைகளின் ஆய்வேடுகளிலும் அவற்றிலிருந்து பிறக்கும் கட்டுரைகளிலும் ஒரு முடிவுரை திரும்பத் திரும்ப வருகிறது. அம்லோடிபின், நிஃபெடிபின், வெரபமில் போன்ற கால்சியம் சேனல் தடுப்பு மருந்துகளில் ஒன்று ஃபெனிட்டோயினுடனோ வால்ப்ரோயேட்டுடனோ சேர்த்து எலிகளுக்குத் தரப்பட்டது, வலிப்பு குறைந்தது, ஆகவே இந்தக் கூட்டு, நீடித்த வலிப்புக்கான சிகிச்சையிலும் பயன்படக்கூடும். வழிகாட்டி கையெழுத்திடுகிறார், தேர்வாளர் தலையசைக்கிறார், பட்டம் கிடைக்கிறது. அடுத்த ஆண்டு வேறொரு கல்லூரியில் நிஃபெடிபினுக்குப் பதில் டில்டியாசெம், எலிக்குப் பதில் சுண்டெலி, மற்றபடி அதே முடிவுரை.

அதில் எலிகளைப் பற்றிய பகுதி பெரும்பாலும் உண்மைதான். பழுது அந்த ‘ஆகவே’யில் இருக்கிறது. வலிப்பு வராமல் தடுத்ததற்கும், அரை மணி நேரமாக நிற்காமல் ஓடும் வலிப்பை நிறுத்துவதற்கும் இடையில் உள்ள தொலைவை அந்த ஒரு சொல் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறது. தாண்டக் கூடாது என்பதற்கான காரணங்கள் புதியவை அல்ல. மருந்தியல் படிப்பவர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியவை. ஆயினும் ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்துக்கு வரும்போது அவை மறந்துபோகின்றன.

நீடித்த வலிப்பு என்பது ஸ்டேட்டஸ் எபிலெப்டிகஸ். உடல் முழுதும் உதறும் வலிப்பு 5 நிமிடத்தில் தானாக நிற்காவிட்டால் அது இனித் தானாக நிற்பது அரிது, சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும். 30 நிமிடத்தைக் கடந்தால் மூளையில் நிலைத்த சேதம் உண்டாகலாம். பன்னாட்டு வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2015-இல் வகுத்த வரையறை இந்த இரண்டு எல்லைகளையும் வைத்தே அமைந்தது. வலிப்பு நோயுள்ளோர் ஒரு கோடிக்கும் மேல் என்று மதிப்பிடப்படும் நாடு இது. மாத்திரையை நிறுத்திவிட்டவர், மூளையில் நாடாப்புழுக் கட்டி உள்ளவர், மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தை என இந்த நிலையில் கொண்டுவரப்படுபவர்கள் அவசரப் பிரிவுகளுக்குப் புதியவர்கள் அல்லர்.

கால்சியத்தைக் குறிவைப்பது வெறும் கற்பனை என்று யாரும் சொல்ல முடியாது. 1973-இல் மெல்ட்ரமும் பிரையர்லியும் பபூன் குரங்குகளில் வலிப்பை நீடிக்கவிட்டு மூளைத் திசுவைப் பார்த்தார்கள். இரத்த அழுத்தம், உடல் வெப்பம் போன்றவை சீர்குலைவதோடு, வலிப்பின் மின்செயல் நீடிப்பதே நரம்பணுக்களைக் கொல்லக்கூடும் என்ற பார்வை அந்த வரிசை ஆய்வுகளிலிருந்து வலுப்பெற்றது. அந்தச் சாவில் கால்சியத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அளவுக்கு மீறி உள்ளே புகுந்த கால்சியம் புரதங்களைச் சிதைக்கும் நொதிகளை எழுப்புகிறது, மைட்டோகாண்ட்ரியாவைத் திணறடிக்கிறது. விர்ஜீனியாவில் டிலோரென்சோவின் குழு, தொடர் வலிப்பு நின்று நாட்கள் பல கடந்த பிறகும் ஹிப்போகாம்பஸ் நரம்பணுக்களில் கால்சியம் உயர்ந்தே நிற்பதைக் காட்டியது. பின்னாளில் வலிப்பு நோய் உருவாவதற்கு இதுவே விதை என்று அவர்கள் வாதிட்டார்கள். கால்சியத்தைத் தடுத்தால் வலிப்பும் நிற்கும், மூளையும் காக்கப்படும் என்ற ஆசை இங்கிருந்துதான் வருகிறது. ஆசையில் குறையில்லை.

ஆனால் கால்சியம் நரம்பணுவுக்குள் எந்த வாசல் வழியாக வருகிறது என்ற கேள்வியை ஆய்வேடுகள் கேட்பதில்லை. நிஃபெடிபின், அம்லோடிபின், நிமோடிபின், வெரபமில் எல்லாம் முதன்மையாக எல் வகைச் சேனலை அடைப்பவை. இதயத்திலும் இரத்தக் குழாய்ச் சுவரிலும் அதற்கு முதன்மையான வேலை உண்டு. நரம்பணுவில் அது பல வாசல்களில் ஒன்று. டி வகைச் சேனலை அடைக்கும் எத்தோசக்சிமைடு, நொடிப்பொழுது நினைவு தப்பும் அப்சென்ஸ் வகை வலிப்புக்கு நல்ல மருந்து, உடல் உதறும் வலிப்புக்குப் பயனற்றது. பி/கியூ வகைச் சேனல் மரபிலேயே குறைபட்ட டாட்டரிங் சுண்டெலிக்கு வலிப்பு குறையவில்லை. அப்சென்ஸ் வலிப்பு வந்தது. நரம்பணுவுக்குள் வந்த கால்சியமே சில பொட்டாசியம் சேனல்களைத் திறந்து அந்த நரம்பணுவின் வேகத்தை அடக்கவும் செய்கிறது. அதைத் தடுத்தால் அடக்கும் கையையும் சேர்த்துத் தடுக்கிறோம். ‘கால்சியம் தடுப்பு’ என்ற ஒற்றைப் பெயருக்குள் ஒன்றுக்கொன்று எதிரான விளைவுகள் இத்தனை இருக்கின்றன.

தொடர் வலிப்பில் பெரும் கால்சியம் புகும் வாசல் என்.எம்.டி.ஏ. ஏற்பி. எல் வகைத் தடுப்பு மருந்து அதைத் தொடுவதில்லை. பின்னால் உயர்ந்தே நிற்கும் கால்சியத்துக்கோ நரம்பணுவின் உட்கிடங்குகளிலிருந்து கசிவதும் காரணம். டிலோரென்சோவின் குழுவே அதைக் குறைக்கக் கையாண்ட மருந்து டான்ட்ரோலீன், அது உட்கிடங்கின் கதவை அடைப்பது. கால்சியக் கொள்கையை மேற்கோள் காட்டிவிட்டு அம்லோடிபினைக் கையில் எடுக்கும் ஆய்வேடு, தன் மேற்கோளையே முழுதாகப் படிக்கவில்லை. நிமோடிபின் அளவுக்கு அம்லோடிபின் மூளைக்குள் நுழைவதில்லை என்பது வேறு. மலிவாகக் கிடைக்கிறது, கல்லூரிக்கு எதிரே உள்ள மருந்துக் கடையில் இருக்கிறது என்பது ஒரு மருந்தைத் தேர்வதற்கான அறிவியல் காரணமாக எப்போது ஆனதென்று தெரியவில்லை.

வாசலை விடப் பெரிய சிக்கல் நேரம்.

இந்த ஆய்வேடுகளில் மிகுதியாகக் கையாளப்படும் சோதனை, உச்ச மின்னதிர்ச்சிச் சோதனை. காதுமடலிலோ கண்ணிலோ மின்முனை பொருத்தி, சுண்டெலிக்கு 50 மில்லி ஆம்பியர், எலிக்கு 150 மில்லி ஆம்பியர், 0.2 நொடி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். பின்னங்கால்கள் விறைத்து நீள்கின்றனவா, எத்தனை நொடி என்று குறித்துக்கொள்கிறார்கள். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். மருந்தோ அதற்கு அரை மணி அல்லது ஒரு மணி நேரத்துக்கு முன்பே விலங்கின் உடலில் ஏறியிருக்கும். 0.2 நொடி மின்சாரத்தால் எழுந்து தானே அடங்கும் வலிப்பு, வருவதற்கு முன்பே கொடுத்த மருந்து: இதில் ‘நீடித்த’ என்ற சொல்லுக்கு எங்கே இடம் இருக்கிறது?

மின்னதிர்ச்சிச் சோதனையை இழிவுபடுத்த வேண்டியதில்லை. 1937-இல் மெரிட்டும் பட்னமும் பூனைகளில் மின்னதிர்ச்சி கொடுத்துத்தான் ஃபெனிட்டோயினைக் கண்டெடுத்தார்கள். நாள்தோறும் மாத்திரை உண்டு வலிப்பு வராமல் காத்துக்கொள்ளும் நோயாளிக்கான மருந்தைத் தேட அது தகுந்த கருவி. ஆனால் அதன் குருட்டுப் புள்ளியையும் வரலாறு காட்டிவிட்டது. லெவெடிரசெட்டம் இந்தச் சோதனையில் தோற்ற மருந்து. இயல்பான விலங்குகளில் பென்டிலீன்டெட்ரசோல் சோதனையிலும் தோற்றது. மூளையை மெல்ல மெல்ல வலிப்புக்குப் பழக்கும் கிண்ட்லிங் முறையில்தான் அதன் ஆற்றல் தெரிந்தது. இன்று தொடர் வலிப்பின் இரண்டாம் கட்ட சிகிச்சையில் ஃபெனிட்டோயினுக்குச் சமமாக நிற்பது அதுதான். மின்னதிர்ச்சிச் சோதனையில் வென்றது தொடர் வலிப்பிலும் வெல்லும் என்று வாதிடுவோர், அதில் தோற்றது ஏன் வென்றது என்பதற்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

தொடர் வலிப்பில் மூளை நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டிருக்கிறது. 1997-இல் கபூரும் மெக்டொனால்டும் எலிகளில் இதை அளந்தார்கள். வலிப்பு தொடங்கிப் பத்தாம் நிமிடத்தில், பாதி எலிகளில் அதை நிறுத்த உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 4.2 மில்லிகிராம் டயசெபாம் போதுமாக இருந்தது. 45-ஆம் நிமிடத்தில் 40 மில்லிகிராம் தேவைப்பட்டது. விலங்கும் மருந்தும் மாறவில்லை, கடந்தது 35 நிமிடம் மட்டும். வாஸ்டர்லைனின் குழு பிறகு இதன் உட்பொருளை விளக்கியது. டயசெபாம் பற்றவேண்டிய காபா ஏற்பிகள் நரம்பிணைப்பின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்படுகின்றன, கிளர்ச்சியூட்டும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகள் மேற்பரப்புக்கு வந்து சேர்கின்றன. அடக்குபவை மறைய, தூண்டுபவை பெருகுகின்றன. வலிப்புக்கு முன் மருந்து கொடுக்கப்பட்ட எலியின் மூளையில் இந்த மாற்றம் எதுவுமே நடந்திருக்காது. அந்த எலி சொல்லும் விடை வேறொரு மூளையைப் பற்றியது.

சிலர் இதை உணர்ந்து பைலோகார்பினுக்கு மாறியிருக்கிறார்கள். அது உண்மையிலேயே மணிக்கணக்கில் ஓடும் தொடர் வலிப்பை எலியில் உண்டாக்கும். ஆனால் அங்கும் கால்சியம் தடுப்பு மருந்தைப் பைலோகார்பினுக்கு முன்பே ஊசியேற்றிவிட்டு, தொடர் வலிப்புக்குள் போன எலிகள் குறைவு, ஹிப்போகாம்பஸில் செத்த அணுக்கள் குறைவு என்று எழுதினால் முன்னேற்றம் எதுவும் இல்லை. வலிப்பே குறைந்திருக்கும்போது அணுக்கள் பிழைத்ததை மூளைக் காப்பு என்று எப்படிப் பிரித்துச் சொல்வது? தீப்பிடிக்காத வீட்டில் தீயணைப்பு வண்டிக்கு வேலையில்லை.

அடுத்தது ‘சேர்க்கை’ என்ற சொல். இரண்டு மருந்துகளும் சேர்ந்து வேலை செய்தன என்று சொல்ல, இரண்டும் தத்தம் அளவில் உடலில் இருந்தன என்பது உறுதியாக வேண்டும். இந்த இணைகளில் அதை நம்பி எடுத்துக்கொள்ளவே முடியாது. ஃபெனிட்டோயின், ஃபீனோபார்பிட்டல், கார்பமசெபின் மூன்றும் கல்லீரலின் மருந்து சிதைக்கும் நொதிகளைத் தூண்டுபவை. இத்தகைய மருந்துகளை உண்டுவந்த வலிப்பு நோயாளிகளுக்கு நிமோடிபின் கொடுத்தபோது, இரத்தத்தில் அதன் மொத்த இருப்பு மற்றவர்களில் கண்டதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகச் சரிந்ததை 1991-இல் டார்ட்டாராவும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். வால்ப்ரோயேட் உண்டவர்களிலோ அது ஏறக்குறைய ஒன்றரை மடங்காக உயர்ந்தது. ஒரே மாத்திரை, ஒரே அளவு, துணைக்கு நிற்கும் மருந்து எது என்பதைப் பொறுத்து ஒருவருக்கு வெறும் பெயர், மற்றவருக்கு மிகை.

எதிர்த் திசையிலும் இதே கதை. வெரபமிலும் டில்டியாசெமும் அந்த நொதியை முடக்குபவை. கார்பமசெபின் உண்பவருக்கு வெரபமில் சேர்த்தால் கார்பமசெபினின் இரத்த அளவு ஏறும். தலைசுற்றல், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம் வரும். 1980-களின் நடுவிலிருந்தே இது தெரிந்த செய்தி. அப்படியானால் வெரபமிலும் கார்பமசெபினும் சேர்ந்து வலிப்பைக் குறைத்தபோது, குறைத்தது வெரபமிலின் கால்சியத் தடுப்பா, மறைமுகமாக ஏறிய கார்பமசெபினின் அளவா? வெரபமில் மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள தடுப்பில் மருந்துகளை வெளியே தள்ளும் பி-கிளைக்கோபுரதத்தையும் முடக்கும். எலியின் மூளையில் வெரபமிலை நேரடியாகச் செலுத்தியபோது அங்கே ஃபெனிட்டோயின் கூடியதைப் பாட்ஷ்காவும் லோஷரும் காட்டியிருக்கிறார்கள். கால்சியத்துக்குத் துளியும் பங்கில்லாமலே ‘கூட்டு விளைவு’ கிடைக்கும் இன்னொரு வழி இது. இரத்த அளவும் மூளை அளவும் பாராத ஆய்வில் இந்த மூன்றையும் பிரிக்க வழியே இல்லை. அளந்த ஆய்வேடுகள் அரிது. கேட்டால் எச்.பி.எல்.சி. கருவி பழுது என்பார்கள், அல்லது அது வேறு துறையின் அறையில் பூட்டியிருக்கும்.

கூட்டு விளைவு என்பதற்கே கணக்கு இருக்கிறது. இரண்டு மருந்துகளையும் தனித்தனியே பல அளவுகளில் கொடுத்து, பாதி விலங்குகளைக் காக்கும் அளவைக் கண்டு, பின்பு இரண்டையும் குறித்த விகிதங்களில் கலந்து ஐசோபோலோகிராம் வரைய வேண்டும். எதிர்பார்த்த கூட்டுத்தொகையை விடக் குறைந்த அளவில் காத்தால்தான் அது கூடுதல் வலிமை. வால்ப்ரோயேட்டில் ஓர் அளவு, நிஃபெடிபினில் ஓர் அளவு, இரண்டும் சேர்த்து மூன்றாவது குழு, ஆறு எலிகள் வீதம், கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி. இதற்குப் பெயர் கூட்டல். கூடுதல் வலிமை என்பதற்கு இது சான்றாகாது. விலங்குப் பரிசோதனை நெறிக்குழுக்கள் எலிகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வதில் கண்டிப்பாக இருக்கின்றன, நல்லது. அந்த எண்ணிக்கையில் விடை காணவே முடியாத கேள்விக்கு எலிகளைக் கொடுப்பது இன்னும் பெரிய வீண் என்பதையும் அவை கேட்கத் தொடங்கலாம்.

எலியை விட்டு மனிதரிடம் வந்தால், படுக்கையின் தலைமாட்டில் நிற்கும் மருத்துவருக்கு வேறொரு அச்சம் இருக்கிறது. தொடர் வலிப்பின் தொடக்கத்தில் இரத்த அழுத்தம் ஏறும். நேரம் செல்லச் செல்ல உடல் களைத்து அழுத்தம் இறங்கும். மூளையின் பசி உச்சத்தில் இருக்கும்போது அதற்குப் போகும் இரத்தம் குறையத் தொடங்குகிறது. சிரை வழி ஃபெனிட்டோயினை நிமிடத்துக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் செலுத்தக் கூடாது என்று செவிலியர்கள் வரை அறிந்திருப்பது ஏன்? மருந்தும் அதைக் கரைத்துவைக்கும் புரொப்பிலீன் கிளைக்காலும் அழுத்தத்தைச் சரித்து, இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும். அதற்கும் அடங்காத வலிப்புக்கு மிடாசோலம் சொட்டு, புரோபோஃபால், தயோபென்டோன் என்று போகும்போது அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருக்கும். இந்த இடத்தில் இரத்தக் குழாயைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு மருந்தைச் சேர்க்கச் சொல்கிறார்கள். சிரை வழி வெரபமில் என்றால் இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்னோட்டத்தையும் அது மந்தமாக்கும். மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்ட எலியின் இரத்த அழுத்தத்தை எந்த ஆய்வேடு அளந்தது?

மறுப்பவர்கள் தரப்பில் சொல்ல இருப்பதையும் நேர்மையாக எடுத்துவைக்க வேண்டும். நிர்ப்பந்தம் உண்மையானது என்பது அவர்களின் முதல் வாதம், அது சரிதான். 2019-இல் வெளிவந்த எசெட் ஆய்வில், பென்சோடயசெபினுக்கு அடங்காத 384 நோயாளிகளை லெவெடிரசெட்டம், ஃபாஸ்ஃபெனிட்டோயின், வால்ப்ரோயேட் என மூன்று குழுக்களாகக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு மணி நேரத்தில் வலிப்பு நின்று நினைவு தெளியத் தொடங்கியவர்கள் 47, 45, 46 விழுக்காடு. மூன்றும் சமம், மூன்றும் பாதிப் பேரைக் கைவிட்டன. ஆகவே புதிய கூட்டுகளைத் தேடுவது ஆடம்பரம் இல்லை.

அவர்களின் அடுத்த வாதம், மனிதரிலேயே பலன் கண்டிருக்கிறது என்பது. 2005-இல் ‘எபிலெப்சியா’ இதழில் இத்தாலிய மருத்துவர்கள், எந்த மருந்துக்கும் அடங்காத தொடர் வலிப்பில் கிடந்த ஒரு குழந்தைக்கு வெரபமில் சேர்த்தபின் வலிப்பு நின்றதாக எழுதினார்கள். அதை யாரும் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் பல மருந்துகள் ஒரே நேரத்தில் உடலில் இருக்கும்போது, நோயும் தன் போக்கில் ஏறி இறங்கும்போது, கடைசியாகச் சேர்த்த மருந்துக்குப் பெயர் போய்ச் சேர்வது இயல்பு. நிற்காத வலிப்புக்கு வெரபமில் கொடுத்துப் பயனில்லாமல் போனதை எத்தனை பேர் எழுதி அனுப்புவார்கள், எத்தனை இதழ்கள் ஏற்கும்? மாத்திரைக்கு அடங்காத வலிப்பு நோயில் கால்சியம் தடுப்பு மருந்துகளைத் துணை மருந்தாகச் சேர்த்த குலுக்கல் ஆய்வுகளை 2013-இல் ஒரு காக்ரேன் மதிப்பாய்வு தொகுத்துப் பார்த்தது. ஃப்ளூனரிசினுக்கு மெல்லிய பலன் இருக்கலாம், பக்க விளைவால் விலகியவர்கள் அதிகம். நிஃபெடிபினுக்கும் நிமோடிபினுக்கும் நம்பத்தகுந்த சான்று இல்லை. இந்த மதிப்பாய்வு ஆய்வேடுகளின் முன்னுரையில் ஏன் தென்படுவதில்லை என்பது சிந்திக்கத்தக்கது. குழந்தையின் கதை மட்டும் தவறாமல் இருக்கிறது.

பழகிய, மலிவான மருந்துகள் ஏழை நாட்டுக்கு ஏற்றவை என்று கடைசியாகச் சொல்வார்கள். பலன் தராத மலிவு மருந்து யாருக்கும் மலிவு அன்று, ஏழைக்கு அறவே அன்று. தொடர் வலிப்பில் ஒரு பயனற்ற மருந்துக்குச் செலவாகும் பத்து நிமிடத்தின் விலையைக் கபூரின் எலிகள் முன்பே சொல்லிவிட்டன.

கூட்டினால் கூடும் என்பது மருத்துவமனையில் தானாக நடப்பதும் இல்லை. பிரான்சில் ஆம்புலன்ஸிலேயே குளோனசெபாமுடன் லெவெடிரசெட்டம் சேர்த்துப் பார்த்தார்கள். முடிவு 2016-இல் வந்தது. கூட்டு பெற்றவர்களில் 74 விழுக்காட்டினருக்குக் கால் மணி நேரத்தில் வலிப்பு நின்றது; குளோனசெபாமும் போலி மருந்தும் பெற்றவர்களில் 84 விழுக்காட்டினருக்கு. கொள்கை அளவில் அந்தக் கூட்டு வெரபமில் கூட்டை விட எவ்வளவோ வலுவானது. தில்லியில் குழந்தைகளிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், டயசெபாமும் ஃபெனிட்டோயினும் சேர்ந்த பழைய கூட்டு, தனி லோரசெபாமை எந்த வகையிலும் மிஞ்சவில்லை.

இந்த நாட்டு மருத்துவமனைகளால் கடினமான ஆய்வுகளைச் செய்ய முடியாது என்ற சாக்கும் எடுபடாது. பெங்களூர் நிமான்ஸ் 150 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து ஃபெனிட்டோயின், வால்ப்ரோயேட், லெவெடிரசெட்டம் மூன்றையும் ஒப்பிட்டு 2015-இலேயே வெளியிட்டது. எசெட் வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு. விடையும் அதுதான்: மூன்றுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை. சண்டிகரில் 2002-இல் அடங்காத தொடர் வலிப்புள்ள குழந்தைகளுக்கு மிடாசோலம் சொட்டையும் டயசெபாம் சொட்டையும் ஒப்பிட்டபோது, வலிப்பு மீண்டும் தலைதூக்கியதும் மரணமும் மிடாசோலம் குழுவில்தான் கூடுதலாக இருந்தன. நாற்பது குழந்தைகளே கொண்ட சிறு ஆய்வு, அதனால் முடிவான தீர்ப்பாகாது. ஆயினும் எதிர்பார்ப்புக்கு மாறான விடையை மறைக்காமல் எழுதியதே அதன் பெருமை. சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 2019-இன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற மருந்தைப் புதிய நோய்க்குக் கல்விசார் ஆய்வாகச் சோதிக்க, விற்பனை நோக்கம் இல்லாதவரை, நிறுவனத்தின் நெறிக்குழு ஒப்புதலே போதும்.

ஆனால் மனிதருக்குப் போகும் முன் எலியிடம் ஒழுங்கான கேள்வி கேட்டிருக்க வேண்டும். பைலோகார்பினோ வேறெதுவோ, தொடர் வலிப்பு இ.இ.ஜி.யில் நிலைபெற்று, டயசெபாம் தோற்ற பிறகு மருந்து ஏறவேண்டும். வலிப்பு நின்றதா என்பதை இ.இ.ஜி.யில் பார்க்க வேண்டும். உடல் உதறாமலே மூளை வலித்துக்கொண்டிருக்கும் என்பது தெரிந்ததே. மருந்துகளின் இரத்த அளவும், தமனி அழுத்தமும் அதே பக்கத்தில் பதிவாக வேண்டும். ஒப்பீட்டுக்குக் கெட்டமைன் வேண்டும், ஏனெனில் நேரம் கடந்த பின்னும் அகலத் திறந்திருக்கும் என்.எம்.டி.ஏ. வாசலை அடைப்பது அது. வாஸ்டர்லைனின் குழு மிடாசோலம், கெட்டமைன், வால்ப்ரோயேட் மூன்றையும் வலிப்பு நிலைபெற்ற பின் சேர்த்துக் கொடுத்துப் பலன் கண்டிருக்கிறது. கூட்டு மருத்துவத்துக்கு யாரும் எதிரியில்லை என்பதற்கு அதுவே சான்று. அந்த வரிசையில் நிமோடிபின் கெட்டமைனுக்கு நிகராக நின்றால், முதுநிலை மாணவர் ஒருவரின் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். நிற்காவிட்டால் அதுவும் ஒரு விடை, எழுதிவைக்கத் தகுந்த விடை. தோற்ற சோதனைகள் ஷோத்கங்காவில் எத்தனை கிடைக்கும் என்று தேடிப் பார்த்தவர்களுக்கு, இந்திய எலிகளிடம் தோற்ற மருந்தே இல்லையோ என்ற ஐயம் வந்திருக்கும்.

இவ்வளவுக்கும் நடுவே, தொடர் வலிப்பில் இன்று ஏற்படும் இழப்பின் ஒரு பகுதி மருந்து இல்லாமையால் வருவதே இல்லை. எசெட் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு முதல் பென்சோடயசெபின், நெறிமுறை சொன்ன அளவை விடக் குறைவாகவே தரப்பட்டிருந்தது. மூச்சு அடங்கிவிடுமோ என்ற பயத்தில் பாதி ஊசி, பிறகு மீதி ஊசி. இடையில் மூளையின் ஏற்பிகள் உள்ளே போய்க்கொண்டிருக்கின்றன. லோரசெபாம் ஊசிக்குக் குளிர்பெட்டி வேண்டும், எல்லா ஊர் மருத்துவமனையிலும் அது இல்லை. ஆனால் தசையில் போடும் மிடாசோலம் ஊசி, சிரை தேடிக்கொண்டிராமல் போடத்தக்கது. 893 பேரைக் கொண்ட ராம்பார்ட் ஆய்வில் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது வலிப்பு நின்றிருந்தவர்கள் மிடாசோலம் குழுவில் 73.4 விழுக்காடு, சிரை வழி லோரசெபாம் குழுவில் 63.4 விழுக்காடு. அது வெளிவந்தது 2012-இல். மூக்கில் தெளிக்கும் மிடாசோலமும் கடைகளில் உண்டு. ஒரு மாவட்டத்தின் ஆம்புலன்ஸ்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் முதல் ஊசி எத்தனையாவது நிமிடத்தில், எத்தனை மில்லிகிராம் போடப்பட்டது என்று ஓராண்டு குறித்துவைப்பது ஒரு மருந்தியல் ஆய்வேட்டுக்குத் தாழ்வான தலைப்பு ஆகாது. அதற்கு எலி வேண்டாம், மின்னதிர்ச்சிக் கருவி வேண்டாம், எச்.பி.எல்.சி. அறையின் சாவியும் வேண்டாம்.

அடுத்த வாய்மொழித் தேர்வில், ‘நீடித்த வலிப்புக்கும் பயன்படக்கூடும்’ என்ற முடிவுரையோடு ஒரு மாணவர் நின்றால், தேர்வாளர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மருந்து எந்த நிமிடத்தில் கொடுக்கப்பட்டது? ‘வலிப்புக்கு முப்பது நிமிடம் முன்பு’ என்று விடை வந்தால், அந்த ஒரு வரியை நீக்கிவிட்டுப் பட்டத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்.